எலுமிச்சம்பழத்தோடு நிற்காத உழவு மெஷின்

என்னால் சும்மா உட்கார முடியாது. பிறர் செய்யும் வேலையைப் பார்த்துக்கொண்டிருக்கவும் முடியாது. பிடுங்கி நானே செய்தால்தான் மனசு ஆறும். இந்த வியாதியால் ஒருமுறை மலேசியாவில் கிள்ளானை அடுத்த மேரு பக்கத்தில் இருபது பெண்களுக்கு வரவேண்டிய உழவு மெஷினுக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

அப்போது கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் ஒரு சின்னத் தொண்டு நிறுவனத்தில் சேர்ந்து மூன்று மாதம். மேருவில் காய்கறி போடும் பெண்கள் குழுவுக்குக் கைமெஷின் ஒன்று வாங்கித் தருவது என் பொறுப்பு. அந்தக் கம்பத்தில், அதாவது கிராமத்தில், இருந்த ஒரே மெஷின் ஆண்கள் சங்கத்தின் பெயரில் இருந்தது. அவர்கள் நிலம் முடிந்த பிறகுதான் பெண்களுக்கு. அதற்குள் மழை பிடித்துவிடும் (மெஷினைக் கழுவி வைப்பது மட்டும் பெண்கள்தானாம்). புது மெஷினை ஒதுக்கும் அதிகாரிக்கோ, பெண்களால் அதைச் சமாளிக்க முடியுமா என்று சந்தேகம். மெஷினை முதல் நாளே அங்கே இறக்கிவிட்டு, பெண்கள் ஓட்டுவதைப் பத்து மணிக்கு நேரில் பார்த்துவிட்டு முடிவு சொல்வதாக ஏற்பாடு.

நான் ஏழரைக்கே போய்விட்டேன். லேப்டாப்பில் படம் காட்டி, கிளட்ச் என்றால் என்னவென்று முக்கால் மணி நேரம் விளக்கினேன். குழுத் தலைவி சரோஜா அக்கா பொறுமையாகத் தலையாட்டினார். உங்களுக்கு ஓட்டத் தெரியுமா என்று நான் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டால் நேரம் போய்விடுமே!

அதிகாரியின் கார் வந்ததும் மெஷினுக்குப் பொட்டு வைத்து, இரண்டு சக்கரத்தின் கீழும் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். புது வண்டி என்றால் பழத்தை நசுக்கித்தானே நகர வேண்டும்.

"நான் நகத்துறேன் மிஸ்," என்றார் அக்கா.

"இருங்கக்கா, நான் காட்டுறேன். ரெண்டு அடிதானே!"

கைப்பிடி லீவரை அழுத்தினேன். பழம் நசுங்கியது. மெஷின் நிற்கவில்லை. லீவரை விட்டால் நின்றுவிடும் என்று சற்று முன் நானேதான் பாடம் நடத்தியிருந்தேன். பயத்தில் கை விடுமா? இறுக்கினேன். இறுக்க இறுக்க அது ஓடியது. கத்திரிப் பாத்தி போயிற்று. வெண்டைப் பாத்தி போயிற்று. என் துப்பட்டா ஒரு கம்பில் மாட்டி அங்கேயே தங்கிவிட்டது. எதிரே கறுப்புத் தண்ணீரோடு லோங்காங் சாக்கடை.

"மிஸ், கைய விடுங்க! கைய விடு லா!" என்று கத்தினார் அக்கா.

விட்டேன். மெஷின் கரையிலேயே நின்றது. நான் நிற்கவில்லை.

இடுப்பளவு சாக்கடையில் நின்றபடி அதிகாரியைப் பார்த்தேன். அவர் ஃபைலை மூடிக்கொண்டிருந்தார். எனக்கு அழுகை முட்டியது. என் ஒருத்தியின் அவசரத்தால் இருபது பேர் மறுபடியும் மண்வெட்டியைத் தூக்க வேண்டும்.

சரோஜா அக்கா கைலியை இழுத்துச் செருகினார். மெஷினைத் திருப்பி, நான் குதறிப்போட்ட பாத்திகளை நூல் பிடித்ததுபோல் உழுது, அதிகாரியின் காலடியில் கொண்டுவந்து நிறுத்தினார்.

"யாரு கத்துக் குடுத்தா?" என்றார் அதிகாரி.

"பாஸ், ஆம்பளைங்க நெலத்த பத்து வருஷமா நாங்கதான் ஓட்டிக் குடுக்கிறோம். எங்க நெலத்துக்குத்தான் மெஷின் வராது." பிறகு லோங்காங்கைக் கைகாட்டினார். "எப்படி ஓட்டக்கூடாதுன்னு மிஸ் இன்னிக்குக் காட்டுனாங்க."

அதிகாரி சிரித்துவிட்டார். ஃபைலைத் திறந்து அங்கேயே கையெழுத்துப் போட்டார், சரோஜா அக்கா பெயரில். என் நாற்றத்துக்கு எந்த வாடகைக் காரும் ஏற்றாமல், கீரை லோரியின் பின்னால் உட்கார்ந்து கிள்ளான் வந்து சேர்ந்தேன்.

இந்தக் கதையைக் கேட்டே வளர்ந்த என் மகளுக்கு இப்போது பத்து வயது. அவள் தோசை வார்க்கும்போது கரண்டியைப் பிடுங்கப் போனால் திரும்பிக்கூடப் பார்க்கமாட்டாள்.

"அம்மா, கைய விடு லா!"

விட்டுவிடுகிறேன். தோசை வட்டமாகத்தான் வருகிறது.