ஆப்பிள் என்று நான் சுட்ட சீத்தாப்பழக் கேக்

பெண் பார்க்க வருகிறவர்களுக்குக் காபி கொடுக்கலாம், பஜ்ஜி கொடுக்கலாம். பெண்ணின் தம்பி முதன்முதலாகச் செய்து பார்க்கும் பலகாரத்தை மட்டும் கொடுக்கவே கூடாது. இது எனக்குப் புரிந்தபோது மேரி அக்காவின் சம்பந்தம் கைவிட்டுப் போயிருந்தது.

அப்போது யுத்த காலம். எனக்கு இருபத்திரண்டு வயது. அரக்கோணத்தில் ஒரு பாயின் ரொட்டிக் கடையில் சில மாதம் வேலை பார்த்துவிட்டுத் திருத்தணிக்குத் திரும்பியிருந்தேன். (வேலை என்றால் தட்டு கழுவுவது. வீட்டில் அதைச் சொல்லவில்லை.) அக்காவைப் பார்க்க அரக்கோணத்திலிருந்து ஒரு ரயில்வே கார்டு, மனைவியோடும் மகன் சாமுவேலோடும் வருவதாக இருந்தது. சாமுவேலை அக்கா முன்பே சர்ச்சில் பார்த்திருக்கிறாள். அந்த வாரம் முழுக்கக் கண்ணாடி முன்னால்தான் நின்றாள்.

மாப்பிள்ளையின் அம்மா எப்போதோ பெங்களூரில் சாப்பிட்ட ஆப்பிள் கேக்கைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருப்பதாக யாரோ சொன்னார்கள். எனக்கு அது போதாதா?

"ஆப்பிளுக்கு எங்கடா போவே?" என்றார் நைனா.

"நம்ம மலையிலயே கெடக்குதே நைனா! சீத்தாப்பழத்த வெள்ளைக்காரன் கஸ்டர்டு ஆப்பிள்னுதான் சொல்றான்."

நைனா அக்காவைப் பார்த்தார். "செய்யட்டும் நைனா, ஆசையா கேக்கறான்" என்றாள் அவள். ரேஷனில் கிடைத்ததை மிச்சம் பிடித்துச் சேர்த்திருந்த சர்க்கரை டப்பாவையும் எடுத்துக் கொடுத்தாள்.

கூடை நிறையப் பழத்தோடு கொட்டை எடுக்க உட்கார்ந்தேன். சீத்தாப்பழத்தில் எத்தனை கொட்டை என்பது தின்னும்போது தெரியாது. பாதியிலேயே எனக்குப் பொறுமை போய்விட்டது. இருந்தபடியே மாவில் கலந்து, மணல் பரப்பிய தவலைக்குள் வைத்து, மூடிமேல் தணலைக் கொட்டினேன். வாசனை என்னவோ ஜோராகத்தான் வந்தது. திறந்து பார்த்தால், யாரோ உட்கார்ந்து எழுந்த தலையணை மாதிரி நடுவில் குழி. குழியில் சர்க்கரையைக் கொட்டி மறைத்தேன். (ருசி பார்க்கவில்லை. விருந்தாளிக்கு முன் தின்பது நாகரிகம் இல்லையாம்!)

சீத்தாப்பழம் சூடு பட்டால் கசக்கும். அதை முதலில் தெரிந்துகொண்டவர் மாப்பிள்ளையின் அம்மா. வாயில் போட்டவர் முகம் ஒரு பக்கமாகக் கோணியது.

"இது இன்னா கேக்குப்பா?"

"ஆப்பிளுங்க."

"ஆங்?"

அதற்குள் 'டக்' என்று ஒரு சத்தம். கார்டு ஐயா மெதுவாக உள்ளங்கையில் துப்பினார். கறுப்பாக ஒரு கொட்டை, பக்கத்தில் வெள்ளையாக அவருடைய முன்பல்.

"பொண்ணு பாக்க வந்தா பல்ல ஒடச்சு அனுப்புறாங்களே!" என்று அந்த அம்மாள் எழுந்துவிட்டார்.

"சின்னப் பையனுங்க, தெரியாம பண்ணிட்டானுங்க" என்று கைகூப்பியபடி நைனா தெருமுனை வரை பின்னாலேயே போனார். அவர் அப்படிக் கெஞ்சி நான் அதற்கு முன் பார்த்ததில்லை. சாமுவேல்தான் கடைசியாக எழுந்தார். அக்கா நின்ற கதவுப் பக்கம் ஒருமுறை பார்த்துவிட்டுப் போனார்.

அவர்களிடமிருந்து பதிலே வரவில்லை. கார்டு ஐயா விசில் ஊதினால் வெறும் காற்றுதான் வருகிறது, ரயில் கிளம்ப மாட்டேன் என்கிறது என்று ஊரில் பேசிக்கொண்டார்கள். அக்காவுக்குச் சில வருஷம் கழித்து, மனைவியை இழந்த சித்தூர் வாத்தியார் ஒருவரோடு கல்யாணம் ஆயிற்று. நல்ல மனிதர்தான்.

நான் சித்தூருக்குப் போனால் அக்கா பிள்ளைகள் தெருவிலிருந்தே கத்துவார்கள்: "மாமா வந்துகினு இருக்காரு, பல்லப் பத்திரமா வெச்சுக்கோங்க!" வீடே சிரிக்கும். அக்காவும் சிரிப்பாள்.

ஒருமுறை பிள்ளைகள் விளையாடப் போனபின் அவள் சொன்னாள்: "எல்லாரும் அந்தப் பல்லையே சொல்றீங்க. சாமுவேலு அந்தக் கசப்பை ஒரு துணுக்கு வெக்காம தின்னாருடா. நான்தானே தட்ட எடுத்தேன்."

அதிலிருந்து சீத்தாப்பழக் காலத்தில் நான் சித்தூர்ப் பக்கம் போவதில்லை.