பொட்டு வைத்த லாரி

டிப்ளமோ மெக்கானிக்கல் படித்தவன் கையில் ஸ்பேனரைக் கொடுப்பது எவ்வளவு ஆபத்து என்பதற்கு நானே சாட்சி. (சர்ட்டிபிகேட்டும் இருக்கிறது, முதல் வகுப்பு!)

2008. நாங்கள் கடலூர். அக்காவுக்குச் சிதம்பரத்தில் கல்யாணம். கட்டில், பீரோ, சீர்த்தட்டு எல்லாம் கலியபெருமாள் மாமாவின் பழைய லாரியில் போவதாக ஏற்பாடு. மாமா அம்மாவின் கூடப்பிறந்த தம்பி. தாய்மாமன் மாலை போடாமல் அக்கா மணையில் உட்கார மாட்டாள். ஆக, அந்த லாரி போய்ச் சேர்ந்தால்தான் கல்யாணம்.

லாரியோ, ஸ்டீயரிங்கை அரை வட்டம் சுற்றிய பிறகுதான் ‘என்னையா கூப்பிட்டீங்க?’ என்று சக்கரத்தை லேசாகத் திருப்பும். வேகம் பிடித்தால் முன்பக்கம் முழுக்க உதறும்.

“சிதம்பரத்துல ஆடுறதுக்கு ஏற்கெனவே ஒருத்தர் இருக்காரு மாப்ள. இது வேறயா?” என்றார் மாமா.

வழக்கமாக வண்டி பார்க்கும் சலீம் பாய்க்குக் கண் ஆபரேஷன். “நான் பாத்துக்கறேன் மாமா” என்றேன். மாமா என்னைப் பெருமையாகப் பார்த்தார். பாவம் மனுஷன்.

இரண்டு நாள் லாரிக்கு அடியிலேயே குடித்தனம். தேய்ந்துபோன கிங் பின், புஷ், ராடு எண்டு எல்லாவற்றையும் கழற்றிப் புதுசு போட்டேன். அதுவரை ஒரு குறையும் இல்லை. மிச்சம் இருந்தது டிராப் ஆர்ம். ஸ்டீயரிங் பெட்டியிலிருந்து தொங்கும் இரும்புக் கை. நாம் சுற்றுவதைச் சக்கரத்துக்குக் கொண்டு சேர்ப்பது அதுதான். எதற்கும் பாயைக் கேட்டுவிடலாமே என்று போன் போட்டேன்.

“தம்பி, அதைக் கழட்டுறதுக்கு முன்னாடி ரெண்டுத்துலயும் பொட்டு வச்சிடு. மறந்துடாத, அதான் முக்கியம்.”

மறப்பேனா? வீட்டுக்குள் ஓடி அம்மாவின் குங்குமச் சிமிழை எடுத்து வந்தேன். லாரியின் நெற்றியில் ஒன்று, ஸ்டீயரிங்கில் ஒன்று. ஒரு பாய் எதற்குக் குங்குமம் வைக்கச் சொல்கிறார் என்று ஒரு நிமிஷம் யோசித்திருக்க வேண்டாமா? யோசித்தேனே! ‘என்ன மனசு இவருக்கு!’ என்று கண் கலங்கினேன். பிறகு இரும்புக் கையைக் கழற்றி, சுத்தம் செய்து, பெட்டித் தண்டின் பற்களில் கைக்கு வாகாக வந்த ஏதோ ஒன்றில் மாட்டி இறுக்கினேன்.

மற்றவர்கள் முந்தின நாளே போய்விட, கல்யாணத்தன்று விடிந்ததும் மாமாவும் நானும் லாரியில் கிளம்பினோம். ஆட்டம் சுத்தமாக இல்லை.

“ஸ்டீயரிங் மட்டும் ஏன் மாப்ள கோணலா நிக்குது?”

“புதுசுல்ல மாமா, ஓட ஓட செட் ஆயிடும்.”

நேர் ரோடு என்பதால் என் மானம் சிதம்பரம் வரை தாக்குப்பிடித்தது. கீழவீதியில் இறங்கி, வலது பக்கம் ஒடித்துத் தெற்கு வீதிக்கு வந்தோம். மண்டபம் இடது பக்கச் சந்தில். மாமா இடதுபக்கம் ஒடித்தார். ஸ்டீயரிங் பாதியிலேயே டக்கென்று நின்றுவிட்டது. அதற்கு மேல் சுற்றவில்லை. பின்னால் பஸ்காரர் ஹாரனை அழுத்தினார்.

“சரி, ஒரு சுத்து சுத்தி அகலமா எடுத்துப் பாக்கலாம்” என்றார் மாமா.

கோயிலைச் சுற்றி மேலவீதி, வடக்கு வீதி, கீழவீதி. எல்லாமே வலது திருப்பம். வலது பக்கம் மட்டும் அப்படி வெண்ணெயாகத் திரும்பியது! மறுபடி சந்து. மறுபடி டக். மூன்றாவது சுற்றில் பூக்காரம்மா ஒருத்தி லாரியைப் பார்த்துக் கும்பிட்டாள். முகூர்த்தம் முடிய இருபது நிமிஷம். எனக்கு அழுகையே வந்துவிட்டது. அக்கா கல்யாணத்தை ஒரு போல்ட்டு போட்டு இறுக்கிவிட்டேனே!

மாமா என்னைத் திட்டவில்லை. தெற்கு வீதியிலேயே ஓரங்கட்டினார். “பீரோவை அப்புறம் பாத்துக்கலாம். தட்டைத் தூக்குடா!” என்று மாலையைத் தோளில் போட்டுக்கொண்டு வேட்டியை மடித்துக் கட்டி ஓடினார். நான் இரண்டு கையிலும் பழத்தட்டோடு பின்னால் ஓடினேன்.

வாசலில் சம்பந்தி நின்றிருந்தார். “என்னங்க, லாரி மூணு தடவ கோயிலைச் சுத்திச்சாமே?”

“வேண்டுதலுங்க” என்றார் மாமா, மூச்சு வாங்க. “அக்கா பொண்ணு கல்யாணம்னா சீரோட மூணு சுத்து வரேன்னு வேண்டிக்கிட்டேன்.”

சம்பந்தி கையெடுத்துக் கும்பிட்டார். எனக்கு மாமா காலில் விழுந்துவிடலாம் போலிருந்தது. மாலை ஏறியது, தாலியும் ஏறியது.

சாயந்தரம் பாய் போனில் தலையில் அடித்துக்கொண்டார். “பொட்டுன்னா உளியால ஒரு புள்ளி தம்பி! தண்டுல ஒண்ணு, கையில ஒண்ணு, நேருக்கு நேரா. அப்பதான் இருந்த பல்லுலயே மாட்ட முடியும், பல்லு மாறினா ஒரு பக்கம் முழுசா ஒடியாது. நீ எதால வச்ச?”

சொன்னேன். அப்புறம், “டேய், கண்ணுல கட்டு போட்டிருக்கேன்டா, சிரிக்க வைக்காத!” என்று கெஞ்சினார்.

அன்றிலிருந்து வீட்டில் மிக்சி மூடியைத் திறந்தால்கூட “பொட்டு வச்சியா?” என்றுதான் கேட்பார்கள். நான்கு வருஷம் கழித்து என் கல்யாணம். தாலி கட்டி முடித்து, பெண்ணின் நெற்றிக்குக் குங்குமத்தைக் கொண்டுபோகிறேன். பின்னாலிருந்து மாமாவின் குரல்:

“நேரா வை மாப்ள! அப்புறம் லெப்டுல திரும்பாது!”

கதை அவளுக்கு முன்பே போய்ச் சேர்ந்திருந்தது போல. குலுங்கிச் சிரித்தாள். குங்குமம் மூக்கில் விழுந்தது. ஆல்பத்தில் இன்றைக்கும் அங்கேதான் இருக்கிறது.