நாற்பத்திநாலு வயது ரசாக்

வயது என்ற கட்டத்தில் ரசாக் நாற்பத்திநாலு என்று எழுதிவிட்டார். அவருக்கு ஐம்பத்தெட்டு நடந்துகொண்டிருந்தது.

கோட்டைமேட்டில் தையல் கடை வைத்திருப்பவர். கராத்தே வகுப்புக்குச் சீருடை தைத்துக் கொடுக்கப் போய், ஓரமாக நின்று பார்த்து, ஐம்பதாவது வயதில் தனக்கும் ஒன்று தைத்துக்கொண்டு உள்ளே இறங்கினார். எட்டு வருடத்தில் ஒரு வகுப்பும் தவறவில்லை. தொண்ணூற்றாறாம் வருடம் கோயமுத்தூரில் போட்டி அறிவித்தார்கள். பேர் பதிகிற மேசையில் இருந்த வெங்கடலட்சுமி டீச்சர் படிவத்தை நீட்டி, பேரனுக்கா என்று கேட்டுவிட்டார். அந்தக் கேள்விதான் பேனாவை அப்படி ஓட்டியது. போதாததற்குக் கடைசிப் பிரிவே நாற்பது முதல் நாற்பத்தைந்து வரைதான். அதைத் தாண்டியவர்களுக்கு இடமே இல்லை.

வீட்டில் ரம்ஜான் பீவி, எழுதினது இருக்கட்டும், மீசை ஒத்துக்கொள்ள வேண்டுமே என்றாள். ரசாக் நரைத்த மீசைக்குக் கறுப்பு மை போட்டார். மை சேராமல் மேலுதடு வீங்கிப்போனது. வகுப்பில் யாரும் அதை மையின் வேலை என்று நினைக்கவில்லை. பாய் எங்கேயோ ரகசியமாக முரட்டுப் பயிற்சி எடுக்கிறார் என்ற பேச்சு போட்டி நடத்துகிறவர்கள் காதுவரை போயிற்று. முரட்டு ஆளுக்கு முரட்டு ஆள்தான் பொருத்தம் என்று, முதல் சுற்றிலேயே அவரைச் சோமனூர் சுப்பண்ணனோடு கோத்துவிட்டார்கள். சுப்பண்ணன் விசைத்தறிக்காரர். அவர் உதைத்தால் எதிராளி கோட்டுக்கு வெளியேதான் எழுந்திருப்பான் என்று பேச்சு.

போட்டியன்று காலை ரம்ஜான் பீவி பயந்துவிட்டாள். "ஏனுங்க, நெசத்தைச் சொல்லிப்போட்டு வந்துருங்க. முட்டி போச்சுன்னா மிஷினை எப்படி மிதிப்பீங்க?"

"சொன்னா ஊட்டுக்கு அனுப்பிப்போடுவாங்க. அப்புறம் எட்டு வருசம் எதுக்குக் கத்துக்கிட்டேன்?"

களத்துக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, வலது முட்டிக்குப் பாதுகாப்பாக இருக்கட்டும் என்று கால்சட்டைக்குள் பேண்டேஜைச் சுற்றினார். அவிழ்ந்துவிடக் கூடாதே என்று ஊசி நூலால் தைத்தும் விட்டார். களத்தில் இறங்கி வணங்கி நிமிர்ந்தபோதுதான் தெரிந்தது, வலது கால் மடங்கவே இல்லை. பிரிக்க நேரமில்லை. நடுவர் கையை இறக்கிவிட்டார்.

உதைக்க முடியாது. ஓடவும் முடியாது. ரசாக் நின்ற இடத்திலேயே நின்றார்.

சுப்பண்ணன் பாய்ந்து வந்தார். உதை கிளம்பும் முன் அவருடைய இடது தோள் துளி இறங்கியது. தன்னைவிட வேகமானவர்களிடம் எட்டு வருடம் அடி வாங்கி ரசாக் கற்றது அதைத்தான். காலைப் பார்த்தால் தாமதம், தோளைப் பார்க்க வேண்டும். மடங்காத காலை அச்சாக வைத்து அரை வட்டம் திரும்பினார். உதை காற்றில் போனது. திறந்திருந்த நெஞ்சில் ஒரு குத்து வைத்தார்.

அடுத்த முறையும் தோள்தான் காட்டிக்கொடுத்தது. இரண்டாவது புள்ளி.

பிறகு சுப்பண்ணன் உதைக்காமல் எட்ட நின்றார். அவருக்கு இரைத்தது. ரசாக் காத்திருந்தார். அவருக்கு ஓர் அவசரமும் இல்லை. எதிராளி பொறுமை இழந்து குத்த வந்தபோது அந்தக் கையை ஓரமாகத் தட்டிவிட்டு, ஜெயிக்க வேண்டிய மூன்றாவது புள்ளியையும் எடுத்தார். கூட்டம் எழுந்து நின்று கைதட்டியது.

சுப்பண்ணன் வந்து கையைப் பிடித்து, நல்ல பார்வைங்க பாய் என்று சொல்லிவிட்டுப் போனார். அந்த நல்ல வார்த்தைதான் ரசாக்கை உறுத்தியது. ஜெயித்ததில் அவருக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் பொய் வயதில் நின்றல்லவா ஜெயித்தார்? காலை இழுத்துக்கொண்டு நேரே டீச்சர் இருந்த மேசைக்குப் போனார்.

"டீச்சர், எனக்கு அம்பத்தெட்டு. அடுத்த சுத்துக்கு அந்தச் சுப்பண்ணனையே அனுப்பிருங்க. சின்ன வயசுக்காரர், ஏமாந்துடக் கூடாதுங்க."

வெங்கடலட்சுமி டீச்சர் அடுத்த சுற்றுப் பட்டியலில் ரசாக் என்று எழுதிக்கொண்டே சொன்னார்.

"அவருக்கு அறுபத்திரெண்டுங்க பாய். நெசமா நாப்பது ஆனவங்க எல்லாம் முப்பதுப் பிரிவுல பேர் குடுத்துப்போட்டாங்க."