எல்லாருக்கும் ஒரே அளவு

இட்லித் தட்டை எடுக்கக் குனிந்த ராஜம்மாள் நிமிர்ந்ததும் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏனுங்க, நீங்க தெச்சுக் குடுத்த பாடி கழுத்துக்கே ஏறிருச்சுங்க."

சுவாமிநாதன் பேப்பரை மடித்தார். "குனிஞ்சியா?"

"குனியாம இட்லி எடுக்க முடியுமுங்களா?"

"குனிஞ்சா ஏறும், நிமுந்தா எறங்கும். அது துணியோட கொணம்."

துணியின் குணத்தைப் பற்றிக் குமாரபாளையத்தில் அவரிடம் வாதாட ஆளில்லை. தலைமுறை தலைமுறையாக லுங்கி. பாதித் தமிழ்நாட்டு ஆண்களின் மானம் தன் தறியில்தான் தொங்குகிறது என்பார். அந்தப் பெருமையோடு, லுங்கி உற்பத்தியாளர் சங்கக் கூட்டத்தில் மைக்கைப் பிடித்து, பெண்களுக்கான பிராவும் தயாரிக்கப்போவதாக அறிவித்துவிட்டார். அந்த வார்த்தையைச் சொல்லாமல், "அயிட்டம்" என்றே அறிவித்தார்.

"ஒல்லியா இருக்கறவனும் லுங்கி கட்டறான், தொப்பை போட்டவனும் அதையேதான் கட்டறான். எவனாச்சும் அளவு கேட்டிருக்கானா? நம்ம அயிட்டமும் ஒரே அளவு. எல்லாருக்கும் பொருந்தும்."

கூட்டம் கைதட்டியது. கூட்டம் முழுக்க ஆண்கள்.

ஈரோட்டு மொத்த வியாபாரி வேலுசாமி மட்டும் கைதட்டவில்லை. "சாம்பிள் ஒண்ணு ஊட்டுக்குக் குடுத்தனுப்புங்க. மாசக் கடைசி வெள்ளிக்கிழமை சம்சாரத்தோட வாரேன். அவ சொல்றதுதான் முடிவு" என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டார். பொருந்தவில்லை என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டால் சுவாமிநாதன் இனிமேல் சங்கத்துப் பக்கம் தலைகாட்ட முடியாது.

மருமகள் மோனிஷா கல்யாணத்துக்கு முன் திருப்பூரில் உள்ளாடைக் கம்பெனியில் வேலை பார்த்தவள். "மாமா, டேப் வெச்சு ஆளாளுக்கு அளவு பாத்துட்டோம்னா..."

"டேப்பை எடுத்தா நாம தையக்கடை, கண்ணு. நாம மில்லு."

தறி ஓடும் கொட்டகையை அவர் மில் என்றுதான் சொல்வார்.

மேலே ஏறுகிறதா, அடிப்பட்டையை இறுக்கு என்றார். இறுக்கியதைத் தறிக்காரி தமிழ்ச்செல்வி போட்டுக்கொண்டு வந்தாள். அறுந்த இழையை முடிச்சுப்போட அவள் எட்டியபோது கொக்கி தெறித்துத் தறிக்குள் போய் விழுந்தது. தறி நின்றது. பாதி நாள் தறியைக் கழற்றிப்போட்டுத் தேடிய மெக்கானிக், "நான் எதைத்தான் தேடறேன்?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார்.

"துணியில நிமிர்வு பத்தல" என்று சுவாமிநாதன் கண்டுபிடித்தார். லுங்கிக்குப் போடும் கஞ்சியை இன்னும் கெட்டியாகப் போட்டார். காய்ந்ததும் அது மேசைமேல் ஹெல்மெட் மாதிரி தானாக உட்கார்ந்தது. "பாத்தியா, என்ன கம்பீரம்" என்று மனைவியிடம் நீட்டினார்.

சமையலறை வேக்காட்டில் வியர்வை பட்டதும் கஞ்சி மறுபடியும் கஞ்சியானது.

"ஏனுங்க, ஒடம்போட ஒட்டிக்கிச்சுங்க."

"ஒட்டுதுன்னா பொருந்துதுன்னுதானே அர்த்தம்?"

அன்று ராஜம்மாள் அவருக்குச் சட்னி இல்லாமல் இட்லி வைத்தாள்.

அப்போதுதான் மோனிஷா வந்து நின்றாள். "மாமா, ஐடியா எல்லாம் உங்களுதாவே இருக்கட்டும். லேபிள் தெக்கற வேலைய மட்டும் எங்கிட்ட உடுங்க. ஈரோட்டுக்கும் நானே கொண்டு போய்க் குடுத்துட்டு வாரேன்."

லேபிள்தானே. பெரிய மனது பண்ணி விட்டுக்கொடுத்தார். வாசகம் அவருடையது: 'சுவாமிநாதன் மில்ஸ். ஒரே அளவு. எல்லாருக்கும்.'

அந்த வாரம் முழுக்க மோனிஷாவின் தையல் மெஷின் நிற்கவே இல்லை.

"லேபிள் தெக்க இத்தனை நேரமா?"

"கோணாமத் தெக்கோணுமில்லீங்க மாமா."

லேபிள் ஏறியதும் நிலைமை தலைகீழானது. ராஜம்மாள் குனிந்தாள், நிமிர்ந்தாள், கழுத்துப் பக்கம் கையே போகவில்லை. தமிழ்ச்செல்வி எட்டி எட்டி இழை முடிந்தாள். எதுவும் தெறிக்கவில்லை.

"எப்படி இருக்குது?" என்று மனைவியைக் கேட்டார்.

"போட்டிருக்கறதே தெரியலீங்க."

சுவாமிநாதன் கண்ணாடி முன் நின்று மீசையை நீவிக்கொண்டார். லுங்கியில் ஆண்களைக் கட்டிப்போட்டாயிற்று. மிச்சமிருந்த பாதி உலகமும் கைக்கு வந்துவிட்டது. சங்கத்துச் சுவரில் தன் படத்தை எந்தப் பக்கம் மாட்டச் சொல்வது என்பதுவரை யோசித்து வைத்தார்.

வெள்ளிக்கிழமை வேலுசாமி மனைவி சரிதாவோடு வந்து இறங்கினார். ஒரு பெண்பிள்ளையிடம் நேரே கேட்க முடியாமல், சுவாமிநாதன் சுற்றுகிற ஃபேனைப் பார்த்துக் கேட்டார்.

"நம்ம அயிட்டம்... தோதா இருக்குதுங்களா?"

"இத்தனை வருசத்துல இப்படி ஒண்ணு போட்டதே இல்லீங்கண்ணா" என்றாள் சரிதா. "தோள்பட்டை வலி போயிருச்சு. நல்லா மூச்சு உட முடியுது."

வேலுசாமி யோசிக்கவே இல்லை. "அப்பறம் என்னங்க? ஆயிரம் போடுங்க."

காபித் தட்டோடு வந்த மோனிஷாவை நிறுத்தி வைத்து, சுவாமிநாதன் தோள் துண்டை உதறிப் போட்டார். "பாத்தியா கண்ணு? டேப்புங்கற, அளவுங்கற. ஒரே அளவு. ஊருக்கே பொருந்துது."

மோனிஷா காபி டம்ளரைச் சரிதாவிடம் நீட்டினாள்.

சரிதா டம்ளரைக் கீழே வைத்தாள். "ஆயிரம் பேர் ஊட்டுக்கும் டேப்பைத் தூக்கிட்டு இந்தப் புள்ள ஒருத்தியே எப்படிங்கண்ணா போவா? எனக்கே ரெண்டு தடவை வந்து அளவெடுத்துட்டுப் போனாளே."