கட்டைவிரல் ரகசியம்

சட்டையின் மூன்றாவது பொத்தானோடு ஸ்டோர்கீப்பர் கால்மணி நேரமாக மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார். பொத்தான்தான் ஜெயித்துக்கொண்டிருந்தது.

"தள்ளுங்க கையை. பச்சைக் குழந்தையா நீங்க?" என்று மனைவி வந்து மாட்டிவிட்டாள். அவள் கை அவருடைய வலது கட்டைவிரலில் லேசாகப் பட்டது. மனிதர் "அம்மா!" என்று அலறினார்.

"என்னங்க இது, இப்படி வீங்கிக் கிடக்கு?"

"மெதுவாப் பேசு. ஜன்னல் திறந்திருக்கு."

"கத்தினது நீங்க!"

விஷயம் இதுதான். அவருடைய தொழிற்சாலைக்கு ஒரு பேண்டு வாத்தியக் குழு உண்டு. அதில் கிளாரினெட்டுக்கு முதல் நாற்காலிக்காரர், அதாவது முன்வரிசையில் உட்கார்ந்து முக்கியமாக வாசிப்பவர், போன மாதம் ஓய்வு பெற்றுவிட்டார். மிச்சம் இரண்டு பேர். ஒருவர், பன்னிரண்டு வருஷமாகப் பின்னாலேயே உட்கார்ந்து பழகிப்போன நம் ஸ்டோர்கீப்பர். இன்னொருவன் நேற்று முளைத்த எலக்ட்ரீஷியன். ஆள் அத்தனை ஒல்லி, ஊரே அவனைக் 'கொசு' என்றுதான் கூப்பிடும். சனிக்கிழமை ஆண்டுவிழாவில் வாசிப்பதைக் கேட்டபிறகே நாற்காலி யாருக்கென்று சொல்வேன் என்றுவிட்டார் பேண்டு மாஸ்டர். கொசு தினம் மூன்று மணி நேரம் சாதகம் செய்வதாகக் கேள்விப்பட்டு, இவர் நான்கு மணி நேரம் செய்தார்.

பார்வைக்குக் கிளாரினெட் ஒரு குச்சிதான். ஆனால் அதன் பாரம் முழுக்க வலது கட்டைவிரல் ஒன்றின்மேல். மற்ற விரல்களெல்லாம் மேலே துள்ளி விளையாடும். இது மட்டும் கூட்டுக் குடும்பத்து மூத்த மருமகள் மாதிரி, அடியில் நின்று வாயைத் திறக்காமல் சுமக்கும். ஒருநாள் திறந்தால் வீடு தாங்காது.

"மாஸ்டர்கிட்ட உண்மையைச் சொல்லிடுங்களேன்," என்றாள் மனைவி.

"சொன்னா நாற்காலி கொசுவுக்கு. இன்னும் பன்னிரண்டு வருஷம் நான் அவன் முதுகைப் பார்த்துக்கிட்டு உட்காரணும்."

அவள் விரலில் எண்ணெய் தடவி நீவிவிட்டாள். வலி குறைந்தது, பிடியும் குறைந்தது. கிளாரினெட் வழுக்கிக்கொண்டு போய் அவர் கால் பெருவிரலில் இறங்கியது.

பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சில் ஒரு துண்டு வெட்டி, கட்டைவிரலுக்கு மெத்தையாக வைத்தார். விரலுக்குச் சொர்க்கம். ஆனால் வாத்தியம் தள்ளிப்போய், மற்ற விரல்கள் துளைகளைச் சரியாக மூடவில்லை. இவர் ஊத ஊத, எதிர்வீட்டுக்காரர் வந்து கதவைத் தட்டினார்.

"சார், உங்க வீட்டு ஜன்னல் ரொம்ப நேரமாக் கிறீச்சிடுது. கீலுக்கு எண்ணெய் விடுங்க."

மகளின் புத்தகப் பையிலிருந்து வாரைக் கழற்றி, வாத்தியத்தைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். வலி விரலை விட்டது. விட்டது போகாமல் கழுத்தில் ஏறி உட்கார்ந்துகொண்டது. மறுநாள் யாராவது கூப்பிட்டால் உடம்போடு திரும்பினார்.

"என்னய்யா, கல்யாண மாப்பிள்ளை மாதிரி விறைப்பா இருக்கே?" என்றார் மாஸ்டர்.

"ஒரு கம்பீரம் வேணாமா மாஸ்டர்?"

வெள்ளிக்கிழமை விரலைப் பார்த்த டாக்டர் சிரித்துவிட்டார். "கோழிக்குஞ்சைப் பிடிக்கிற மாதிரி பிடிக்கணும் சார். நீங்க திருடனைப் பிடிக்கிற மாதிரி பிடிச்சிருக்கீங்க. பத்து நாளைக்கு அதைத் தொடாதீங்க."

"நாளைக்கு ஒருநாள் மட்டும் தொட்டுக்கலாமா?"

"தொட்டா மாசக்கணக்காகும்."

சனிக்கிழமை மேடையில் ஏறியபோது அவர் ஒரு முடிவுக்கு வந்திருந்தார். வாத்தியத்தின் அடியை முழங்காலில் சாய்த்தார். வாயில் வைத்தார். ஊதவில்லை. விரல்களைப் பூப்போலச் சும்மா ஆட்டினார்.

பின்னால் டிரம்பெட்டுகள் பிளிறின. பெரிய டிரம் இடித்தது. பக்கத்தில் கொசு, கண்ணை மூடி, தலையை ஆட்டி, விரல்களைப் பறக்கவிட்டான். அந்த இரைச்சலுக்கு நடுவிலும் அவன் நாதம் ஸ்டோர்கீப்பர் காதில் தேனாக வந்து விழுந்தது. 'பாவிப்பயல், என்னமா வாசிக்கிறான்! இவனோடா நான் போட்டி போட்டேன்?' என்று அவருக்கே வெட்கமாகிவிட்டது.

முடிந்ததும் மாஸ்டர் ஓடிவந்தார். "இத்தனை வருஷத்துல இன்னிக்குத்தான்யா கிளாரினெட்ல ஒரு பிசிறு இல்ல, ஒரு கீச்சு இல்ல! ரெண்டு பேருமே அற்புதம். ஆனா வயசுக்கு மரியாதை. முதல் நாற்காலி ஸ்டோர்கீப்பருக்கு!"

எல்லோரும் கை தட்டினார்கள். அவருக்கோ அந்தக் கைத்தட்டல் ஒவ்வொன்றும் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது. நல்ல மனுஷர் பாருங்கள், பொய் செரிக்கவில்லை. மேடைக்குப் பின்னால் கொசுவைத் தனியே இழுத்துக்கொண்டு போனார்.

"தம்பி, என்னை மன்னிச்சுடு. விரல் வலியில நான் இன்னிக்கு ஒரு ஸ்வரம்கூட ஊதல. வாசிச்சதெல்லாம் நீதான். நாற்காலி உனக்குத்தான் சேரணும். வா, மாஸ்டர்கிட்ட சொல்லிடலாம்."

கொசுவின் முகம் வெளுத்தது.

"ஐயோ அண்ணே, எனக்கும் விரல் வீங்கிக் கிடக்குதேன்னு, நீங்க வாசிப்பீங்கங்கிற தைரியத்துல நானும் சும்மாதானே வாயில வெச்சுக்கிட்டு உட்கார்ந்திருந்தேன்!"