ஏழும் எட்டும் இல்லாத சீட்டுக்கட்டு

ஒரு காட்டுல, செல்போன் டவர் ரெண்டே கோடு காட்டுற மேட்டுப் பக்கமா, ஒரு கரடிக் குடும்பம் இருந்துச்சு. அப்பா சொக்கலிங்கம், அம்மா பூங்காவனம், மூணாங்கிளாஸ் படிக்கிற பொண்ணு அரசி.

ஒரு நாள் ஸ்கூல் வாட்ஸ்அப் குரூப்ல கொக்கு டீச்சர் மெசேஜ் போட்டாங்க. வெள்ளிக்கிழமை வாய்ப்பாடு டெஸ்ட். பாஸானவங்கதான் சனிக்கிழமை அருவிக்குப் போற டூர் பஸ்ல ஏறலாம். அதுவரைக்கும் தினமும் குடும்பமா உக்காந்து சீட்டு விளையாடிப் பழகணும். ரெண்டு சீட்டைத் திருப்பணும், பெருக்கி முதல்ல சொல்றவங்க ரெண்டையும் எடுத்துக்கணும்.

சொக்கலிங்கம் அதை மூணு தடவை படிச்சார். கல்யாணமான நாள்லேர்ந்து குகைக்குள்ள சீட்டுக்கட்டு வரக்கூடாதுன்னு பூங்காவனம் தடை போட்டிருந்தா. இப்போ ஸ்கூலே சொல்லுது. ஓடிப்போய் மரப்பொந்துல ஒளிச்சு வெச்சிருந்த கட்டை எடுத்துட்டு வந்தார். தனக்கு இதுல ஒரு ஆசையும் இல்ல, எல்லாம் புள்ள படிப்புக்காகன்னு வேற சொல்லிக்கிட்டார்.

ஆனா முதல் நாளே மானம் போச்சு. எல்லாத்தையும் பூங்காவனமே அள்ளிட்டா. அதுலயும் ஏழு வந்தா சொக்கலிங்கத்துக்கு இருமல் வருது. எட்டு வந்தா வெளிய யாரோ கூப்பிடுற மாதிரி இருக்கு. ஏழும் எட்டும் ஜோடியா வந்தப்போ, தண்ணி குடிக்க எந்திரிச்சவர் கால் தடுக்கின மாதிரி மொத்தச் சீட்டையும் கலைச்சு விட்டுட்டார்.

"ஏம்ப்பா, உனக்கு ஏழு வராதா?"ன்னு அரசி கேட்டா.

"எனக்கா? நான் ரம்மில ராஜாடி."

மறுநாள் காலைல ராஜா நாலு ஏழையும் நாலு எட்டையும் உருவி அக்குள் முடிக்குள்ள சொருகிக்கிட்டார். கரடி முடில ஒரு பஸ்ஸையே ஒளிக்கலாம், எட்டு சீட்டு எம்மாத்திரம். அதுலேர்ந்து ஆட்டம் பறந்துச்சு. அப்பா ஜெயிக்கிறார், பொண்ணு ஜெயிக்கிறா, ஒம்பதாறு அம்பத்திநாலுன்னு குகையே அதிருது. கட்டு மெலிஞ்சிருக்குறது பூங்காவனம் கைக்குத் தெரியாம இல்ல. பொழுது சாஞ்சா இந்தக் கரடி வீட்டுல தங்குறதே இந்த வாரம்தான், எதுக்குக் கெடுப்பானேன்னு விட்டுட்டா.

வெள்ளிக்கிழமை வந்துச்சு. அப்பா அம்மாவெல்லாம் பின்னாடி வரிசையா நின்னாங்க. கொக்கு டீச்சர் ஒத்தக்கால்ல நின்னுக்கிட்டு முதல்ல அரசியை எழுப்பி, எட்டேழு எத்தனைன்னு கேட்டாங்க.

அரசி நல்லா யோசிச்சுத்தான் சொன்னா. "அப்படி ஒண்ணு வராது டீச்சர். ஆறுக்கு அடுத்து ஒம்பதுதானே."

கிளாஸ்ல ஒருத்தரும் சிரிக்கல. ஆமாம் ஆமாம்னு கிட்டத்தட்ட எல்லாப் புள்ளைங்களும் தலையாட்டுச்சு.

டீச்சர் சொக்கலிங்கம் பக்கம் திரும்பி, சார் நீங்களே சொல்லுங்கன்னாங்க. சார் தலையைச் சொறியக் கையைத் தூக்கினார். அக்குள்லேர்ந்து எட்டு சீட்டும் பொலபொலன்னு கொட்டுச்சு.

அதைப் பார்த்து காட்டுப்பன்றி அப்பா பதறி நகர்ந்தார். அவர் வயித்துக்கு அடியிலேர்ந்து எட்டு சீட்டு. யானை அப்பா காதை ஆட்டினார், எட்டு. கடைசில அந்த கிளாஸ்ல அத்தனை அப்பாங்க காலடியிலும் ஏழும் எட்டுமாக் கெடந்துச்சு.

அப்போதான் கடைசி பெஞ்ச் முள்ளெலி சரளா கையைத் தூக்கினா. அவ வீட்டுல சீட்டுக்கட்டே கிடையாது, நோட்டு அட்டையைப் பார்த்து மனப்பாடம் பண்ணினவ. "அம்பத்தாறு, டீச்சர்"னா. அவ என்னவோ கெட்ட வார்த்தை பேசின மாதிரி எல்லாரும் திரும்பிப் பார்க்க, அரசிக்கு அது சரியாக் காதுலயே விழல.

டீச்சர் கணக்குப் போட்டாங்க. சரளா ஒருத்திதான் பாஸ். ஒரு முள்ளெலிக்காக அவ்வளவு பெரிய பஸ்ஸை விட முடியாது. பஸ் போகலேன்னா டீச்சரும் அருவியைப் பார்க்க முடியாது, அதுக்குன்னே புதுசா குளிக்கிற டிரஸ் வேற எடுத்தாச்சு. காலை மாத்தி நின்னாங்க.

"பெரும்பாலான வீட்டுல இல்லாத நம்பரை நான் கேட்டிருக்கக் கூடாது"ன்னாங்க.

சாயங்காலமே குரூப்ல சர்க்குலர் வந்துச்சு. மாணவர்களோட மன அழுத்தத்தை முன்னிட்டு ஏழும் எட்டும் நீக்கம். எல்லாரும் பாஸ். சரளா மட்டும் ஃபெயில், பாடத்துல இல்லாத விடை சொன்னதுக்காக.

சனிக்கிழமை விடிஞ்சதும் பஸ் கெளம்பத் தயாரா நின்னுச்சு. அரசிக்கு ஜன்னல் சீட்டு. ரோட்டோரம் டிபன் டப்பாவோட சரளா நிக்கிறதைப் பார்த்துட்டு, வழியனுப்ப வந்து ஜன்னலுக்கு வெளிய நின்ன அம்மாவைக் கிட்ட கூப்பிட்டா.

"அம்மா, எட்டேழு நெசமாவே எவ்ளோ?"

பூங்காவனம் டீச்சரைப் பார்த்தா, சரளாவைப் பார்த்தா. ஜன்னல் கண்ணாடியை மெதுவா இழுத்து மூடினா.

"குளிச்சுட்டு வா. வந்தப்புறம் சொல்றேன்."

நீதி: ஒரு அப்பா ஒளிச்சு வெச்சா அது ஏமாத்து, எல்லா அப்பாவும் ஒளிச்சு வெச்சா அது பாடத்திட்டம்.