தேவஇரக்கத்துக்கு ஒரு சாட்சி

சத்தியநேசன் உபதேசியாருக்கு அந்த வாரம் முழுக்கச் சோறு இறங்கவில்லை. காரணம் தேவஇரக்கம். உயிரோடு இருந்த காலத்தில் தேவஇரக்கம் ஊரில் பலருக்குச் சோறு இறங்காமல் செய்தவர்தான். மண்ணுக்குள் போய் எட்டு மாதம் ஆன பிறகும் ஒரு மனுஷரால் அது முடியும் என்று உபதேசியார் எதிர்பார்க்கவில்லை.

விஷயம் இதுதான். ஸ்ரீவில்லிபுத்தூரில் அவர்களுடைய சபையில் வருஷத்தின் கடைசி ஞாயிற்றுக்கிழமை நினைவு ஆராதனை நடக்கும். அந்த வருஷம் காலமானவர்களின் ஜீவிய சரித்திரத்தை உபதேசியார் ஒவ்வொன்றாகச் சொல்வார். சொல்லி முடித்ததும் இறந்தவருக்கு உறவில்லாத ஒருவர் எழுந்து, அவரைப் பற்றித் தமக்குத் தெரிந்த நல்லது ஒன்றைச் சொல்ல வேண்டும். அதற்குச் சாட்சி என்று பெயர். சாட்சிக்காரர் எந்த மதமாகவும் இருக்கலாம். உறவாக மட்டும் இருக்கக் கூடாது. சாட்சி எழும்பாமல் ஒரு சரித்திரம் முடிந்தது என்ற பேச்சே அந்தச் சபையில் கிடையாது. அப்படி ஒன்று நடந்தால் அந்தக் குடும்பம் தலைநிமிர்ந்து நடக்க முடியாது.

அந்த வருஷம் போனவர்கள் இரண்டே பேர். சோலைராஜ் வாத்தியாருக்குச் சாட்சி சொல்ல நான் முந்தி, நீ முந்தி என்று போட்டி. தேவஇரக்கத்தின் பெயரை எடுத்தாலோ எல்லாருக்கும் அவசர வேலை வந்துவிட்டது.

தேவஇரக்கம் வண்டிப்பட்டறை வைத்திருந்தவர். சக்கரத்துக்கு இரும்புப் பட்டா அடிக்கிற சத்தத்துக்கு மேலே கத்திக் கத்திப் பழகி, பட்டறை பூட்டிக் கிடக்கிற நாளிலும் அதே தொண்டையில்தான் பேசுவார். பேச்சு என்பது மரியாதைக்கு. உண்மையில் அது சண்டை. தபால்காரரோடு சண்டை, மளிகைக்கடை மாரிச்சாமியோடு சண்டை, தெருவில் போகிற வண்டிக்காரன் மாட்டை அடித்தால் அவனோடு சண்டை. குருவானவரின் பிரசங்கம் நீண்டுபோனால் நடுவில் எழுந்து, "ஐயரே, ஆடுகளைப் பட்டினி போடுற மேய்ப்பர் வேதத்துல எந்த அதிகாரத்துல வாராரு?" என்று கேட்டவர். உபதேசியாரும் தப்பவில்லை. ஒருமுறை பாட்டை உச்சத்தில் எடுத்துவிட்டார் என்று, சபை முழுவதையும் நிறுத்தி, மறுபடி எடுக்க வைத்தார்.

உபதேசியார் மாரிச்சாமி கடையில் போய் நின்றார்.

"தேவஇரக்கத்தப் பத்தி நல்லதா ஒரு வார்த்தை சொல்லணும், மாரிச்சாமி."

"நல்ல மனுசன். செத்துட்டாரு."

"அது நல்லதா?"

"எனக்கு நல்லதுதான். எங்கடை எடைக்கல்லு தேஞ்சு போச்சுன்னு தெருவையே கூட்டி வச்சு மானத்த வாங்குனவரு. நான் போயி சாட்சி சொல்லவா?"

உபதேசியார் திரும்பி நடந்தார். வீட்டு வாசலில் ஜெயபாய் காத்திருந்தாள். தேவஇரக்கத்தின் மனைவி. அவரோடு குடித்தனம் செய்தவள் என்பதால் ஊரே அவளை மரியாதையோடு பார்க்கும்.

"உபதேசியாரே, ராஜபாளையத்துலருந்து எம்மவ செல்லத்தாயக் கேட்டு வந்திருக்காவ" என்றாள். "மாப்பிள்ளை புது மில்லுல வேலை பாக்குறாரு. தேவநேசன்னு பேரு. தங்கமான பிள்ளை. தகப்பன் இல்ல, தாய் மட்டுந்தான். அந்தம்மா ஞாயித்துக்கிழமை நம்ம கோயிலுக்கு வாராவளாம்."

"சந்தோசம்மா."

"என்னத்த சந்தோசம்! 'பொண்ணோட அப்பா எப்பேர்ப்பட்டவருன்னு சபையில சொல்லுவாங்கல்ல, அதக் கேட்டுட்டு முடிவு சொல்லுறோம்'னு ஆள் விட்டிருக்காவ. எம்மவ வாழ்வு உங்க நாக்குலதான் இருக்கு. அவிய சாந்தமானவியன்னு ஒரு வார்த்தை சொல்லிருங்க."

உபதேசியாருக்கு வியர்த்தது. பொய் சொல்லலாகாது என்று சிறுபிள்ளைகளுக்கு வாரா வாரம் சொல்லிக்கொடுக்கிற வாய். ஆனால் எதிரே கலங்கி நிற்பவள் ஒரு தாய். ஏற்கெனவே இரண்டு வரன்கள் தேவஇரக்கத்தின் குரலைத் தெருமுனையிலேயே கேட்டுவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனவை. இது மூன்றாவது.

"பாத்துச் சொல்லுறேம்மா" என்றார். சொன்ன பிறகுதான் ஒப்புக்கொண்டுவிட்டோம் என்பது அவருக்கே தெரிந்தது.

உள்ளே அவர் மனைவி ஞானபாக்கியம் எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். "சாந்தமானவருன்னு நீங்க சொல்லிருவீங்க. சாட்சிக்கு எவன் எந்திரிப்பான்? அந்தம்மா முன்னால ஒருத்தரும் எந்திரிக்கலன்னா குட்டு வெளிப்பட்டுரும்லா?"

அதுவும் சரிதான். உபதேசியார் மறுபடி மாரிச்சாமியிடம் ஓடினார். இந்தத் தடவை தேவஇரக்கத்தைப் பற்றிப் பேசவில்லை. செல்லத்தாயைப் பற்றிப் பேசினார். தகப்பனில்லாத பிள்ளை, வந்த வரன், தட்டிப் போனால் என்ன ஆகும் என்று அவர் சொல்லச் சொல்ல, மூன்று பெண்களைக் கட்டிக்கொடுத்த மாரிச்சாமி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"சரிய்யா, வாரேன். அவரு எங்கடைக்கு வந்தா வந்த சத்தமே தெரியாதுன்னு சொல்லிருதேன். போதுமா?"

"போதும், போதும்."

போதும் என்று அவர் மட்டும்தான் நினைத்தார். மாரிச்சாமி கடைசி நேரத்தில் காலை வாரிவிட்டால் என்ன செய்வது என்று ஞானபாக்கியம், கணவருக்குத் தெரியாமல், வண்டிக்காரன் சின்னக்கருப்பனைப் பிடித்துச் சம்மதிக்க வைத்தாள். புருஷன் பெண்சாதி இருவரையும் நம்பாத ஜெயபாய், கோயில் மணி அடிக்கிற இருதயத்தைத் தனியாகப் போய்ப் பார்த்துவிட்டு வந்தாள்.

ஞாயிற்றுக்கிழமை கோயில் நிறைந்திருந்தது. பெண்கள் பக்கத்தில் முன்வரிசைப் பாயில் மாப்பிள்ளையின் தாய், ராஜபாளையத்துத் தங்கபாய் உட்கார்ந்திருந்தாள். ஒல்லியான அம்மாள், யாராவது தும்மினால் திடுக்கிடுகிற முகம். ஆண்கள் பக்கத்தில் மாப்பிள்ளை தேவநேசன், பக்கத்தில் இருப்பவர் தன் கால்மேல் உட்கார்ந்திருப்பதைச் சொல்லத் தயங்கி, அப்படியே இருந்தான். செல்லத்தாய் தலை குனிந்திருந்தாள். நிமிரக் கூடாது, வாயைத் திறக்கவே கூடாது என்பது தாயின் கட்டளை.

சோலைராஜ் வாத்தியாரின் சரித்திரம் கண்ணீரும் சாட்சியுமாக நல்லபடியாக முடிந்தது. உபதேசியார் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"நம்முடைய சகோதரர் தேவஇரக்கம் சாந்தகுணமுள்ளவராக ஜீவித்தார்."

சபையில் ஏழெட்டுப் பேருக்கு ஒரே சமயத்தில் இருமல் வந்தது. குருவானவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"அவர் அதிர்ந்து ஒரு சொல் பேசியவரல்லர்."

உபதேசியார் ஓரக்கண்ணால் தங்கபாயைப் பார்த்தார். அவள் முகம் மலரவில்லை, சற்று வாடியிருந்தது. இன்னும் நம்பவில்லை போலிருக்கிறது என்று எண்ணிக்கொண்டார். இன்னும் கொஞ்சம் சேர்த்தார்.

"யாராவது அவருடைய வலது கன்னத்தில் அறைந்தால் மறு கன்னத்தைக் காட்டக் கூடியவர்."

இதற்குச் சாட்சி வேண்டுமே! மாரிச்சாமி எழுந்தார். "ஆமாங்க. எங்கடைக்கு வந்தாருன்னா வந்ததே தெரியாது. என்ன கொடுத்தாலும் வாங்கிக்கிட்டுப் போயிருவாரு. எடை கொறஞ்சாலும் கேக்க மாட்டாரு" என்று சொல்லிவிட்டு, கடைசி வாக்கியத்தைச் சொல்லியிருக்க வேண்டாமோ என்று யோசித்தபடி உட்கார்ந்தார்.

உபதேசியார் நிம்மதியாக மூச்சு விடுவதற்குள் சின்னக்கருப்பன் எழுந்துவிட்டான். "ஒரு நா எம்மாடு அவுக கால மிதிச்சுப்புட்டுது. அவுக மாட்டுக்கிட்ட மன்னிப்புக் கேட்டாக சாமி!"

அவன் உட்காருமுன் இருதயம் எழுந்தார். முன்னவர்கள் இருவரையும் மிஞ்ச வேண்டிய கட்டாயம் அவருக்கு. "நான் இருவது வருசமா மணி அடிக்கேன். அவரு குரல நான் கேட்டதே இல்ல."

பின்வரிசையில் காது மந்தமான முத்தாத்தாள், "ஏட்டி, அவரு ஊமையா? எனக்கே கேக்குமே!" என்று பக்கத்தில் விசாரித்தாள்.

தங்கபாயும் தேவநேசனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையில் இருந்தது கலக்கம் என்று உபதேசியாருக்குப் புரிந்துவிட்டது. மூன்று சாட்சிகளுமாகச் சேர்ந்து காரியத்தைக் கெடுத்துவிட்டார்கள். ஊமை வீட்டில் பெண்ணெடுக்க யார் துணிவார்கள்?

"ஊமையில்லை, ஊமையில்லை!" என்று அவசரமாக மறுத்தார். "பேசுவார். மெதுவாகப் பேசுவார். எதிராளி சொல்வது தப்பாகவே இருந்தாலும் சரி என்று தலையாட்டிவிடுவார்."

தங்கபாய் மெல்ல எழுந்தாள். நினைவு ஆராதனையில் யார் வேண்டுமானாலும் எழுந்து பேசலாம். அவள் குரல் இரண்டாவது வரிசையைத் தாண்டவில்லை. "ஐயா... பொண்ணும் அப்பா மாதிரிதானுங்களா?"

கர்த்தர் கொடுத்த தருணம் என்று உபதேசியார் பூரித்துப் போனார். "அச்சு அசல் அவரேதான் அம்மா! இந்தச் செல்லத்தாய் வாயைத் திறந்து நாங்கள் யாரும் பார்த்ததில்லை!"

தங்கபாய் பொத்தென்று உட்கார்ந்தாள். முகம் வெளுத்துவிட்டது.

"போதும் உபதேசியாரே!"

கோயில் ஓடு அதிர்ந்தது. செல்லத்தாய் எழுந்து நின்றாள். ஜெயபாய் அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தாள். முந்தானைதான் கையில் நின்றது, மகள் நிற்கவில்லை.

"யாரப் பத்திப் பேசுதீய? எங்க அப்பாவ மண்ணுல வச்சு எட்டு மாசந்தான் ஆச்சு. அதுக்குள்ள எனக்கே அடையாளம் தெரியாம ஆக்கிட்டியளே! இங்க உக்காந்து அவிய எங்க, அவிய எங்கன்னு தேடுதேன், ஆளையே காணோம்!"

யாரும் இருமவில்லை.

"எங்க அப்பா கத்துவாரு. கத்துனாருன்னுதான் இந்தத் தெருவுல எடை சரியா வருது, மாரிச்சாமி மாமா! ஏலே சின்னக்கருப்பா, மாட்டுக்கிட்டயா மன்னிப்புக் கேட்டாரு? நீ மாட்ட அடிச்சேன்னு உன்னயல்லா மாட்டுக்கிட்ட மன்னிப்புக் கேக்க வச்சாரு!"

"ஆமா தாயி" என்றான் சின்னக்கருப்பன், தலையைச் சொறிந்துகொண்டு. "கேட்டேன்."

"இருதயம் அண்ணாச்சி, நீங்க மணியடிக்க மறந்து தூங்குன அன்னைக்கெல்லாம் ஊர எழுப்புனது யாரு குரலு?"

இருதயம் மணிக்கயிறு இருந்த மூலைக்கு நகர்ந்தார்.

முதலில் சிரித்தது குருவானவர். ஆடுகளைப் பட்டினி போட்ட கதையை அவரே எழுந்து சொன்னார். அதன் பிறகு சபையை அடக்க முடியவில்லை. தபால்காரர் ஒன்று சொன்னார். வாங்கிய திட்டை அதே தொண்டையில் சொல்லிக் காட்டினார். மாரிச்சாமி, தேவஇரக்கம் போன பிறகு கடையில் உட்காரவே சப்பென்று இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். சிரித்துச் சிரித்து ஜனங்களுக்குக் கண்ணில் நீர் வந்தது. கொஞ்ச நேரத்தில் அது சிரிப்பால் வந்த நீர்தானா என்பது யாருக்கும் தெரியவில்லை. உபதேசியாருக்கும், அந்த மனுஷர் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, பாட்டைச் சரியாக எடுக்கிறானா பார்க்கலாம் என்று முறைப்பது போல இருந்தது. எட்டு மாதத்தில் முதல் தடவையாக அவர் தேவஇரக்கத்தை நினைத்து அழுதார்.

ஆசீர்வாதம் முடிந்தது. ஆனால் வாசலில் ஜெயபாய் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

"போச்சு. மூணாவதும் போச்சு. வாயத் தொறக்காதட்டி, தொறக்காதட்டின்னு படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

செல்லத்தாய் அசையவில்லை. "போனாப் போகட்டும்மா. எங்க அப்பாவ மறைச்சு வச்சுட்டு ஒரு வீட்டுல நான் போயி வாழ முடியாது" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

உபதேசியாருக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. எல்லாம் தன் நாக்கால் வந்த வினை. மகனோடு வண்டிப் பக்கம் நின்ற தங்கபாயிடம் போய்க் கைகூப்பினார்.

"அம்மா, பொய் சொன்னது நான். தண்டனைய எனக்குக் குடுங்க. அந்தப் பிள்ளை மேல குத்தம் இல்ல. தேவஇரக்கம் பெரிய சண்டைக்காரரு. அவரு மவளும் அப்படித்தான். இதுதான் சத்தியம்."

தங்கபாய் நெஞ்சில் கைவைத்து நீளமாக ஒரு பெருமூச்சு விட்டாள். போன உயிர் அப்போதுதான் முகத்துக்குத் திரும்பியது. கூடையிலிருந்து பூவை எடுத்துக்கொண்டு செல்லத்தாய் நின்ற பக்கமாக நடந்தவள், உபதேசியாரைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்:

"அத மொதல்லயே சொல்லப்படாதாய்யா? நானும் எம்மவனும் வாயில்லாப் பூச்சிக, பக்கத்து வீட்டுக்காரன் எங்க வீட்டு முத்தத்துல பாதிய வளைச்சு வேலி போட்டுட்டான், சண்டைக்கார தேவஇரக்கம் மவளக் கட்டுனாத்தான் மீக்க முடியும்னு ஊரூரா விசாரிச்சு வந்தா, நீங்க பேசுன பேச்சுல வீடு மாறி வந்துட்டமோன்னு எனக்கு உசிரே போயிருச்சு!"